முகப்படமும் அட்லாண்டா நடிகரும்

ஹாலிவுட்டுக்குச் சென்றாலன்றி நடிகராக இயலாது என்ற பழைய நம்பிக்கை, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் 2008-ல் படத்தயாரிப்பாளர்களுக்குச் செலவில் 20 சதவிகிதமும், மாநிலச் சின்னத்தைப் படத்தில் காட்டினால் மேலும் 10 சதவிகிதமும் வரிச்சலுகை அளிக்க முற்பட்ட பிறகு, வெகுவாகத் தளர்ந்துவிட்டது. ‘தி வாக்கிங் டெட்’ போன்ற தொடர்கள் அம்மாநிலத்திலேயே உருவாயின. ஆயினும் பிரதான பாத்திரங்களுக்குரியவர்களைப் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சல்ஸிலேயே தேர்ந்துகொண்டு, நர்ஸ், போலீஸ்காரர், வக்கீல் என ஓரிரு வசனம் பேசும் வேஷங்களை உள்ளூராருக்கு ஒதுக்குவதே வழக்கமாதலால், அம்மாநிலத் தலைநகரான அட்லாண்டாவின் நடிகர் வாய்ப்புக் கேட்டு அனுப்பும் முகப்படம் அழகைக் காட்டிலும், அவர் எந்த வேஷத்துக்குப் பொருந்துவார் என்பதையே க்ஷணத்தில் உணர்த்த வேண்டும்.

தேர்வாளர் அதைப் பார்ப்பதோ கணினித் திரையில், எத்தனையோ முகங்களுக்கிடையே, தபால்தலையளவில். ஆகவே கண்கள் தெளிவாயிருப்பதும், பின்னணி அடங்கியிருப்பதும், சட்டையில் கோடும் பூவும் இல்லாதிருப்பதும் அத்தியாவசியம். சுருக்கத்தையும் மருவையும் அழித்து மெருகேற்றுவது வீண் பிரயாசை. நேரில் வருபவர் வேறொருவராகத் தோன்றினால் அழைத்தவருக்கு எரிச்சலே மிஞ்சும். படத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் தாயாரிடம் விடாமல் (அவருக்கு எல்லாமே லக்ஷணந்தான்!) ஏஜெண்டிடம் விடுவதே விவேகம். வேஷம் கிடைத்த பிறகே சம்பளத்தில் பொதுவாக 10 சதவிகிதம் பெறவேண்டிய அந்த ஏஜெண்ட், முன்பணம் கேட்பாராயின், அவரிடமிருந்து உடனே விலகிவிடுங்கள்.