தொட்டறியும் கலை

நோயாளி ஒருவன் மருத்துவரை நாடி வருகின்றான். அவர் முதலில் அவனுடைய முகத்தையும் நடையையும் உற்று நோக்குகிறார். கையைப் பற்றி நாடித் துடிப்பை எண்ணுகிறார். மார்பை விரலால் தட்டிப் பார்க்கிறார். பின்னர் உள்ளெழும் ஒலியைச் செவிமடுக்கிறார். பார்த்தல், தொடுதல், தட்டுதல், கேட்டல் என்னும் இந்நான்கும் உடற்பரிசோதனையின் நான்கு படிகளாம்.

இவற்றுள் தட்டியறியும் முறையை வகுத்தவர் லியோபோல்டு ஔவன்புருக்கர். அவர் ஆஸ்திரிய நாட்டுக் கிராட்ஸ் நகரில் 1722-ஆம் ஆண்டில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஒரு விடுதிக்காரர். மதுப்பீப்பாயைத் தட்டினால் வெற்றிடமுள்ள பகுதி முழக்கமாகவும், மது நிறைந்த பகுதி மந்தமாகவும் ஒலிக்கும். இளமையில் கண்ட இதுவே பின்னாளில் அவருக்கு வழிகாட்டியது என்பர். வியன்னாவில் மருத்துவரான அவர், நோயாளிகளின் மார்பைத் தட்டி ஆராய்ந்தார். காற்று நிறைந்த நுரையீரலின்மேல் ஒலி முழங்கிற்று. நீர் கோத்த இடத்தில் மந்தமாயிற்று. இவ்வுண்மையை 1761-இல் நூலாக வெளியிட்டார். எனினும், மருத்துவருட் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1808-இல் கொர்விசார் என்னும் பிரெஞ்சு மருத்துவர் அதனை மொழிபெயர்த்த பின்னரே அதன் பெருமை எங்கும் பரவியது.

கொர்விசாரின் மாணவர் லேனெக். 1816-இல் பாரிஸ் நகரில் இதயநோயுற்ற இளம்பெண் ஒருத்தியின் மார்பில் காதுவைத்துக் கேட்க அவர் தயங்கினார். உடனே ஒரு தாளைச் சுருட்டி, ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தம் செவியிலும் வைத்தார். இதயத் துடிப்பு முன்னினும் தெளிவாகக் கேட்டது. ஸ்டெதாஸ்கோப் இவ்வாறே பிறந்தது.

இன்று எக்ஸ்-ரே, ஸ்கேன் முதலிய கருவிகள் உடலின் உட்புறத்தைப் படம்பிடித்துக் காட்டுகின்றன. அங்ஙனமாயின், தொட்டுப் பார்த்தல் எதற்கு? வயிற்றுவலியால் துடிக்கும் சிறுவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். மருத்துவர் அவனது வலப்புற அடிவயிற்றை மெல்ல அழுத்துகிறார். அவன் வலியால் முகஞ் சுளிக்கிறான். குடல்வால் வீங்கியிருக்கலாம் என்னும் ஐயம் உடனே எழுகின்றது. தொட்டுப் பாராமல் செரிமான மருந்தளித்து அனுப்பியிருந்தால், குடல்வால் வெடித்து அவனுயிர்க்கே கேடு நேரலாம்.

கையும் சில வேளைகளில் தவறும். அப்பிழையைக் கருவி திருத்தும். ஆனால் எவ்விடத்தை, எக்கருவியால் ஆராய வேண்டும் என்பதை முதலில் உணர்த்துவது கையே. அன்றியும், பரிவோடு தொடும் கை அஞ்சிய நோயாளிக்கு நம்பிக்கையும் அளிக்கின்றது. ஆதலின், கருவிகள் எத்துணைப் பெருகினும், தொட்டறியும் கலையை மருத்துவர் கைவிடலாகாது.