அருந்ததி மறையாத வானம்

கிறீன்விச் குன்றின் மேல், பழைய வானாராய்ச்சி நிலையத்தின் முற்றத்தில், தரையிலே பதிக்கப்பட்ட உலோகக் கோடு ஒன்று உண்டு. 1884ஆம் ஆண்டு உலக நாடுகள் கூடி எடுத்த முடிவின்படி நெடுங்கோடுகள் கிறீன்விச்சிலிருந்தே எண்ணப்படலாயின. ஒரு காலைக் கிழக்கிலும் மறுகாலை மேற்கிலும் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் சிறுவர்களுள் எமது பிள்ளைகளும் உளர். அக்கோட்டிற்குக் கிழக்கே ஏறத்தாழ 80 பாகையில் யாழ்ப்பாணம் இருக்கிறது. பாகை ஒன்றிற்கு 4 நிமிடம் எனக் கொண்டால், அங்கே சூரியன் இங்கு உச்சியை அடைவதற்கு 5 மணி 20 நிமிடம் முந்தியே உச்சியை அடைகிறது. இச்சிறு கணக்கை அக்கோட்டின் மேல் நிற்கும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் பெற்றோர் எத்தனை பேர்?

இரண்டாம் சாள்ஸ் மன்னன் 1675இல் இந்நிலையத்தை நிறுவியது மாலுமிகளின் தேவைக்காகவே. பொதுமக்கள் அதன் பயனைக் கண்ணாரக் காணப் பல தலைமுறைகள் சென்றன. 1833 முதல், பிற்பகல் 1 மணிக்குக் கூரைக் கம்பத்திலிருந்து இறங்கும் பந்தைப் பார்த்துத் தேம்ஸ் நதிக் கப்பல்கள் தமது கடிகாரங்களைச் சரிசெய்தன. 1957இல் பற்றிக் மூர் தொடங்கிய மாதாந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சி, 2012இல் அவர் மறையும் வரை, சாதாரணக் குடும்பங்களின் கூடத்திற்குள் வானத்தைக் கொண்டுவந்தது. பேக்கர் வீதிக் கோள்மண்டலம் 1958இல் திறக்கப்பட்டு, 2006இல் வானியல் காட்சிகளை நிறுத்திக்கொண்டது. மறு ஆண்டே கிறீன்விச்சில் புதிய கோள்மண்டலம் எழுந்தது. ஹம்ஸ்ரெட் மேட்டிலோ, 1910இல் அமைந்த சிறு வானாராய்ச்சிக் கூடத்தில், விஞ்ஞானக் கழகமொன்றின் தொண்டர்கள் வழிப்போக்கரையும் அழைத்துத் தொலைநோக்கியில் வானத்தைக் காட்டும் மரபை வளர்த்தனர்.

1910 என்பது ஹேலி வால்வெள்ளி தோன்றிய ஆண்டு. அவ்வால்வெள்ளியைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர்களுள் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் கணித ஆசான் அலன் ஆபிரகாமும் ஒருவர். காரைநகரில் 1865இல் பிறந்த அவரை இலண்டன் அரச வானியற் கழகம் தனது உறுப்பினராக ஏற்றது. அக்கழகம் பிக்காடிலியில் உள்ளது. நாள்தோறும் அவ்வீதியால் வேலைக்குச் செல்லும் எம்மவர் பலர் இதனை அறியார்.

வட்டுக்கோட்டைக்கும் வானத்துக்குமான உறவு இன்னும் பழையது. 1829 மார்ச் 20ஆம் திகதிச் சந்திர கிரகணம் பற்றி ஊரின் பஞ்சாங்கக் கணிப்பும், அமெரிக்க மிஷனின் வட்டுக்கோட்டை செமினரியின் கணிப்பும் வேறுபட்டன. செமினரியின் தலைவர் டானியல் பூவர், மக்களையே சாட்சியாக வந்து பார்க்கும்படி அழைத்தார். செமினரியின் கணிப்பே சரியாயிற்று என்பது மிஷனரிமார் எழுதிவைத்த வரலாறு. அவ்வெற்றி எமது சமயத்தையும் மரபையும் தாழ்த்தும் ஆயுதமாகவும் பயன்பட்டது என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆயினும், 'சொல்வதை நம்பாதே, வெளியே வந்து பார்' என்ற அழைப்பு, அழைத்தவரின் நோக்கத்திலும் பெரியது.

மரபை இகழ்வோர் அறியவேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. 1825இல் ஜோன் வாரன் என்ற ஐரோப்பியர், புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் சந்திர கிரகணத்தைக் கணிக்கும் முறையைப் பதிவு செய்தார். அவர் கையில் ஏடும் இல்லை, எழுதுகோலும் இல்லை. சோழிகளைத் தரையில் வைத்து, மனனம் செய்த வாய்பாடுகளைச் சொல்லிச் சொல்லியே கணித்தார். கிரகணத்தின் தொடக்கத்தில் அவர் பிழைத்தது 4 நிமிடம் மாத்திரமே. நடுவிலும் முடிவிலும் பிழை பெருகியது. அம்முறையின் அடிப்படைக் கொள்கையை அவர் அறிந்திருக்கவில்லை என்றும் வாரன் எழுதினார். எமக்கு உறைக்கவேண்டியது இதுவே. பல நூற்றாண்டு உழைப்பு ஒரு சிலரின் நாவில் பூட்டப்பட்டிருந்தது. ஏன், எவ்வாறு என்று கேட்கும் உரிமை பொதுமக்களுக்கு இல்லாத இடத்தில், அறிவு முதலில் சடங்காகி, பின்னர் மறதியாகிவிடுகிறது. செமினரியின் பிற்காலத் தலைவர் ஹொய்சிங்ரன், எமது வானியல் முறையை ஆங்கில மொழிபெயர்ப்புடனும் குறிப்புகளுடனும் 1848இல் யாழ்ப்பாணத்தில் அச்சேற்றியிராவிடில், அதன் ஒரு பகுதியை இன்று நாம் தேடியும் காணோம்.

புலம்பெயர்ந்த எமக்கு இச்செய்தி பழங்கதை அன்று. இங்கே பிள்ளைகள் விண்மீன்களை ஆங்கிலப் பெயரால் அறிகின்றனர். பெற்றோர் இராசிபலனுக்கு மாத்திரம் தமிழ்ப் பெயரை வைத்திருக்கின்றனர். இரண்டும் ஒரே வானம் என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. கார்த்திகை, உரோகிணி, திருவாதிரை ஆகிய மூன்றையும் இலண்டன் மாரிகால இரவில், தெருவிளக்கின் ஒளியையும் மீறி, வெறுங்கண்ணால் காட்டலாம். துருவ நட்சத்திரம் யாழ்ப்பாணத்தில் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 10 பாகை உயரத்தில், பனை வட்டுக்குள் மறைந்து நிற்கும். இங்கே 51 பாகைக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. ஊரில் தோணிபோல் மிதந்த இளம்பிறை இங்கே பெரும்பாலும் சரிந்து நிற்கிறது. இவற்றின் காரணத்தைக் கேட்கும் பிள்ளைக்குப் பூமி உருண்டை என்பதைப் புத்தகம் இல்லாமலே விளக்கிவிடலாம். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகள் ஆண்டில் ஓரிரவையேனும் இதற்கு ஒதுக்கினால் என்ன?

ஒன்றை மாத்திரம் இங்கே காட்ட இயலாது. மாசி மாத முன்னிரவில் ஊரின் தென்வானில் ஒளிரும் அகத்திய நட்சத்திரம் இலண்டன் அடிவானத்துக்கு மேல் ஒருபோதும் எழுவதில்லை. பிறந்த மண்ணோடு பிறந்த வானத்தின் ஒரு பகுதியையும் நாம் இழந்திருக்கிறோம். ஆனால் திருமண வீட்டில் பட்டப்பகலில் சுட்டிக்காட்டப்படும் அருந்ததி, ஊரிலே உதித்து மறைவது, இலண்டனில் அடிவானத்தின் கீழ் இறங்குவதே இல்லை. முகில் இல்லாத இரவில் வடக்கே திரும்பி ஏழு முனிவர் மண்டலத்தைத் தேடுங்கள். அதன் வாலில் நடுமீனின் அருகே மங்கலாகத் தெரிவது அவளே. பிள்ளையை அருகில் நிறுத்தி அப்பெயரைத் தமிழில் சொல்லுங்கள்; அது அங்கே நிற்பதன் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.