வளைவும் முறுக்கும்

பெங்களூரின் பொம்மசந்திராவுக்கு மெட்ரோ வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தடத்தின் கடைசி நிலையம் இதுதான். ஆனால் சில வார இறுதிகளில், விடியுமுன்பே அந்தத் தூண்களை ஒட்டி ஹோசூர் பக்கம் விரையும் பைக் ஓட்டிகள் வேறு ரகம். அத்திப்பள்ளி, கிருஷ்ணகிரி, வேலூர் எனத் தாண்டி ஏறத்தாழ 300 கிலோமீட்டர் போய், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் வளைவு எடுக்கப் பழகப் போகிறவர்கள். காசு கட்டி, வாத்தியார் வைத்துத் திரும்பக் கற்றுக்கொள்வதா என்று வீட்டில் சிரிப்பார்கள். முந்தைய தலைமுறைப் பந்தயக்காரர்களும் சிரித்திருப்பார்கள்.

அவர்களின் பள்ளிக்கூடம் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளம். 1950-களிலிருந்து 1980-களின் இறுதி வரை அங்கேதான் பந்தயம். விமானம் ஓட நேர்கோடு போதும், வளைவு எதற்கு? ஒரு பாதை இன்னொன்றைச் சந்திக்கும் இடமே வளைவாயிற்று. அகலம் தாராளம். கொஞ்சம் பிசகினாலும் இடம் இருக்கும். அதனால் 'லைன்' விஷயத்தில், அதாவது வளைவில் வண்டி எந்தக் கோட்டில் போகிறது என்பதில், சோழவரம் கறார் காட்டவில்லை.

கறார் காட்டியது வண்டிதான். 1980-களில் வந்த டூ-ஸ்ட்ரோக் பைக்குகளில், ஏஎக்ஸ் 100 ஆகட்டும் ஆர்எக்ஸ் 100 ஆகட்டும், இன்ஜினுக்கான ஆயில் பெட்ரோலோடு சேர்ந்தே உள்ளே போகும். ஆர்எக்ஸ் 100-இல் ஆயிலுக்குத் தனிப் பம்ப் இருந்தாலும், அதுவும் ஆக்ஸிலரேட்டர் கேபிளோடுதான் பிணைந்திருந்தது. உச்ச வேகத்தில் ஆக்ஸிலரேட்டர் கையைச் சட்டென்று மூடினால் இன்ஜின் சுழன்றுகொண்டே இருக்கும், ஆயில் வரத்து மட்டும் சுருங்கிவிடும். பிஸ்டன் சீஸ் ஆகிப் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். இதற்குப் பயந்தே இடது கையின் இரண்டு விரல்கள் எப்போதும் கிளட்ச் மேலே கிடக்கும். இன்ஜினில் உயிர் வருவதும் ஒரு குறுகலான ஆர்பிஎம் எல்லைக்குள்தான். அதற்குக் கீழே விழுந்துவிட்டால் வளைவிலிருந்து வெளியே வரும்போது முறுக்கியும் பயனில்லை; பக்கத்தில் இருந்தவன் போய்விடுவான்.

ஆகவே அன்றைய கை மூடத் தயங்கும் கை. வேகத்தை விட்டுவிடாமல், ஒரே சீரான பெரிய வில்லாக வளைவைச் சுற்றிவரும். கோவை கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்து வடிவமைத்த ஒற்றை இருக்கைப் பந்தயக் காரும் இதே பாடத்தைத்தான் சொல்லிக்கொடுத்தது: சின்ன இன்ஜினில், வளைவில் தொலைத்த வேகத்தை நேர்பாதையில் மீட்க முடியாது.

இந்த வில்லுக்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. டயர் தன் மேல் விழும் எடைக்குச் சமமான பிடியைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் மணிக்கு 56 கிலோமீட்டருக்கு மேல் முடியாது. அதே வளைவை வெளியோரத்தில் தொடங்கி, உள்ளோரத்தைத் தொட்டு, மறுபடி வெளியோரத்துக்கு விட்டு ஆரத்தை 50 மீட்டராக்கினால் 80 வரை போகலாம்.

1990-இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகு இந்தக் கணக்கைத் தட்டிக்கழிக்க வழியில்லை. 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். தார் முடிந்தால் மண். உள்ளோரத்தை, அதாவது அபெக்ஸை, அவசரப்பட்டு முன்னதாகத் தொட்டவனை வளைவின் கடைசியில் அந்த மண் வரவேற்கும். பின்னாளில் கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் இதே டிராக்கில் வகுப்பு நடத்தியபோது, முதல் பாடம் ஆக்ஸிலரேட்டரைப் பற்றியதாகவே இருந்தது: வண்டியைச் சாய்த்துத் திசை பிடித்ததும் கையைத் திற, வளைவு முடியும்வரை சிறுகச் சிறுகக் கூட்டிக்கொண்டே போ, நடுவில் மூடாதே. மூடினால் எடை முன்டயரில் போய் விழும். அதுவோ சாய்வுக்கே தன் பிடியில் பெரும்பங்கைக் கொடுத்துவிட்ட டயர்.

இன்று பெங்களூரிலிருந்து 1000 சிசி பைக்கோடு போகிறவர்களுக்கு வில் தேவைப்படவில்லை. ஆழமாகப் போய் பிரேக் பிடித்து, சட்டென்று திருப்பி, வண்டியை நிமிர்த்தி முறுக்கிவிடுகிறார்கள். பெரிய இன்ஜினுக்கு அது சரியான வழியும்கூட. சின்ன வண்டிகளும் மாறிவிட்டன: பொம்மசந்திராவுக்குப் பக்கத்து ஊரான ஹோசூரில் டிவிஎஸ் தயாரிக்கும் அப்பாச்சி ஆர்ஆர் 310-இல் 2020-இலேயே ஆக்ஸிலரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்துவிட்டது. அப்போது 'ரெயின்' மோடில் சுமார் 26 குதிரைத்திறன், 'டிராக்' மோடில் 34. கையின் பதற்றம் அப்படியே பின்சக்கரத்துக்குப் போவதில்லை. விலையுயர்ந்த பைக்குகளில் டிராக்ஷன் கன்ட்ரோல் வேறு.

நல்ல விஷயம்தான், பல எலும்புகளைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் டிராக்ஷன் கன்ட்ரோல் திருத்துவது முறுக்கிய கையின் தவறை. கண் தப்பான இடத்தைப் பார்த்து, தப்பான லைனில் நுழைந்துவிட்டால் அதைத் திருத்த எந்த மோடும் இல்லை. பழையவர்களுக்குக் கை தேர்ந்திருந்தது, லைன் தளர்வாக இருந்தது. இப்போது வருகிறவர்களில் பலருக்கு லைன் மனப்பாடம். கைக்குத்தான் பயிற்சி போதவில்லை.

முதன்முறை டிராக்குக்குப் போகிறீர்களா? சின்ன இன்ஜின் வண்டியோடு போங்கள், குறைந்த பவர் மோடிலேயே அன்றைய நாளை ஓட்டுங்கள். ஹோசூர் சாலையில் மட்டும் இதைப் பழக வேண்டாம். கம்பெனி பஸ்ஸும் லாரியும் ஓடுகிற, சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் ஆட்டோ வருகிற இடத்தில் வெளியோரம் உங்களுடையதல்ல.