பவளத்தொட்டிக்கு விளக்கு வாங்கும் முன்...

சிங்கப்பூரில் வசிக்கும் என் தங்கை மகன் ஓர் இரவு, இஷாவுக்குப் பிறகு தொலைபேசியில் அழைத்தான். “மாமா, தொட்டியிலுள்ள பவளமெல்லாம் வெளுத்துப்போய்விட்டன. புது விளக்கு மாட்டிப் பத்து நாள்தான் ஆகிறது. விலை உயர்ந்த விளக்கு. அப்படியிருந்தும் ஏன் இப்படி?” என்றான். அழவில்லை, அவ்வளவுதான்.

“எத்தனை விழுக்காட்டில் எரிகிறது?” என்று கேட்டேன்.

“நூறில்தான் மாமா. அவ்வளவு காசு கொடுத்து வாங்கிவிட்டுப் பாதியில் எரிப்பானேன்?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. அந்நாட்டில் பணியாற்றிய காலத்தில் நானும் இதே தவற்றைச் செய்து, ஒரு வருடமாய் வளர்த்த பவளங்களை ஒரே வாரத்தில் இழந்தவன். ஆகவேதான் இதை எழுதலானேன். நம் குடும்பங்களில் பலரது பிள்ளைகள் இன்று சிங்கப்பூர், மலேசியா, துபாய் எனப் பல ஊர்களிலும் வாழ்கின்றனர். அங்கெல்லாம் வரவேற்பறையில் பவளத்தொட்டி வைப்பது ஒரு விருப்பமாகப் பரவியிருக்கிறது. மீன்களைப் பற்றி ஆயிரம் விசாரிப்பவர்கள்கூட, விளக்கைப் பற்றிக் கடைக்காரர் சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

விளக்கா, உணவா?

அன்பு வாசகர்களே! மீன்தொட்டிக்கு விளக்கு அழகுக்காக என்றுதான் நாம் எண்ணுகிறோம். தங்கமீன் நீந்தும் நன்னீர்த் தொட்டியைப் பொறுத்தவரை அது சரியே. பவளத்தொட்டியில் கதை வேறு. பவளம் செடியுமன்று, கல்லுமன்று. அது ஒரு பிராணி. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் இலட்சக்கணக்கில் குடியிருக்கின்றன. ஜூசாந்தெல்லே என்பது அவற்றின் பெயர். அவை ஒளியைக் கொண்டு சர்க்கரை தயாரித்துத் தமக்கு இடங்கொடுத்த பவளத்துக்கு ஊட்டுகின்றன. பல பவளங்களுக்கு வேண்டிய ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்குவரை இவ்வழியாகவே கிடைக்கிறது. அப்படியானால், தொட்டியின் மேலே நாம் தொங்கவிடுவது அந்த உயிர்களின் அடுப்பங்கரை அல்லவா?

உணவு குறைந்தால் பட்டினி. இது எளிதில் விளங்கும். மிகுந்தாலும் கேடு என்பதுதான் பலருக்கு விளங்குவதில்லை. ஒளி அளவுக்கு மிஞ்சும்போது, பாசிகளால் அதைச் சமாளிக்க முடியாமல் நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் கூறுகள் உண்டாகின்றன. தன்னைக் காத்துக்கொள்ளப் பவளம் அந்தப் பாசிகளையே வெளியேற்றிவிடுகிறது. பவளத்துக்கு நிறம் தருவதில் பெரும்பங்கு பாசிகளுடையது. அவை போனதும் உள்ளேயிருக்கும் சுண்ணாம்புக் கூடு வெள்ளையாகத் தெரிகிறது. இதைத்தான் ‘வெளுத்தல்’ என்கிறோம். நீர் சூடேறினாலும் இதுவே நிகழும். 2010இலும் 2016இலும் நம் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் பெருமளவில் வெளுத்ததற்குக் கடல்நீரின் வெப்பமே காரணம். வெளுத்த பவளம் உடனே செத்துவிடுவதில்லை, பட்டினி கிடக்கிறது. தவற்றை விரைவில் திருத்தினால் பாசிகள் திரும்பக் குடியேறும்.

சூரியனிலிருந்து எல்.இ.டி. வரை

வீட்டில் பவளம் வளர்ப்பது அண்மைக்காலத்து வழக்கமே. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் 1961இல் அமெரிக்க இதழொன்றில் தம் முறையை எழுதினார். கடல்நீர், உயிருள்ள பாறை, சிறிது காற்றுக்குமிழி, ஜன்னல் வழியே வரும் சூரிய வெளிச்சம், இவ்வளவுதான் அவருடைய சாதனங்கள். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் அது நடந்தது. குளிர்நாட்டார் என்ன செய்வர்? மெட்டல் ஹாலைடு என்னும் பெருவிளக்குகளையும், பின்னர் டி-5 குழல்விளக்குகளையும் தேடிப்போயினர். அவற்றில் பவளம் நன்றாகவே வளர்ந்தது. ஆனால் மெட்டல் ஹாலைடு நீரைச் சூடாக்கும். குழல்விளக்குகளோ ஏறத்தாழ ஆண்டுக்கொருமுறை மாற்றப்பட வேண்டியவை.

1993இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் பணிபுரிந்த சூஜி நாக்கமுரா, பிரகாசமான நீல எல்.இ.டி.யை உருவாக்கிக் காட்டினார். அதன் முன்னோடிகளான இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோருடன் சேர்ந்து 2014ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசையும் பெற்றார். அந்த நீல ஒளியின் பயன் நம் வீட்டு வெள்ளை விளக்கோடு நின்றுவிடவில்லை. பவளத்தொட்டிக்கும் வந்து சேர்ந்தது.

நீலத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு? கடல்நீர் முதலில் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். 10 மீட்டர் ஆழத்துக்குள் பெரும்பாலான சிவப்பு மறைந்துபோகும்; நீலம்தான் ஆழம்வரை செல்லும். அந்த நீலத்தில் வாழப் பழகிய பாசிகள் 400 முதல் 480 நானோமீட்டர் வரையிலான ஊதா, நீல அலைகளை நன்கு பயன்படுத்திக்கொள்கின்றன. ஆகையால் விளக்கு வாங்கும்போது, 450 நானோமீட்டரை ஒட்டிய ராயல் புளூ, அதனோடு 470 அளவிலான நீலம், 405 முதல் 420 வரையிலான ஊதா ஆகியன போதிய எண்ணிக்கையில் உள்ளனவா என்று பாருங்கள். வெள்ளை நம் கண்ணுக்காக. சிவப்பும் பச்சையும் மிகச் சிறிதளவு போதும். எல்லா நிறங்களையும் ஒன்றாகக் கூட்டிக் குறைக்கும் விளக்கைவிட, நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கக்கூடியதே வாங்கத் தக்கது.

வாட் பார்த்து ஏமாறாதீர்

கடையில் முதலில் சொல்லப்படுவது வாட் கணக்கு. வாட் என்பது விளக்கு எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதைத்தான் சொல்லும். பவளத்துக்கு எவ்வளவு ஊட்டுகிறது என்பதைச் சொல்லாது. லக்ஸ் கணக்கும் உதவாது. அது மனிதக் கண்ணை வைத்து அமைக்கப்பட்ட அளவு. நம் கண்ணுக்குப் பச்சை ஒளி மிகப் பிரகாசமாகவும் நீலம் மங்கலாகவும் தெரியும். கைப்பேசியில் லக்ஸ் அளந்து, “இருட்டாக இருக்கிறதே” என்று நீலத்தைக் கூட்டிக்கொண்டே போனவர்களை நான் அறிவேன். கண் ஏமாறியது, பவளம் வெந்தது.

நாம் கேட்க வேண்டிய அளவு ‘பார்’. 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான, தாவரங்களும் பாசிகளும் பயன்படுத்தும் ஒளித்துகள்கள் ஒரு சதுரமீட்டர் பரப்பில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பதே அது. வெப்பமண்டல நண்பகலில் கடலின் மேற்பரப்பில் இது 2,000 அளவில் இருக்கும். வீட்டுத் தொட்டிக்கு அவ்வளவு வேண்டியதில்லை. காளான் பவளம் போன்ற மென்பவளங்களுக்கு 50 முதல் 100. டார்ச், மூளைப்பவளம் முதலிய பெரிய பாலிப் கொண்டவற்றுக்கு 75 முதல் 150. மான்கொம்புப் பவளம் போன்ற சிறிய பாலிப் வகைகளுக்கு 200 முதல் 350. அனுபவமுள்ளோர் பொதுவாகக் கைக்கொள்ளும் அளவுகள் இவை.

அப்படியானால் விளக்கைத் தேர்ந்தெடுக்கும் முன்னரே ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: எந்தப் பவளத்தை வளர்க்கப்போகிறீர்கள்? மென்பவளம் மட்டும் போதும் என்பவர் விலை உயர்ந்த விளக்கு வாங்குவது வீண்விரயம். புதிதாகத் தொடங்குபவர் மென்பவளத்தோடு தொடங்குவதே நலம் என்பது என் கருத்து. பலர் இதை ஏற்பதில்லை. கண்ணைப் பறிக்கும் மான்கொம்புதான் அவர்களை இழுக்கிறது.

விற்பனையாளரிடம் ‘பார்’ வரைபடம் கேளுங்கள். தொட்டியின் நடுவில் இவ்வளவு, மூலையில் இவ்வளவு, 20 செ.மீ. ஆழத்தில் இவ்வளவு, 40 செ.மீ. ஆழத்தில் இவ்வளவு என்று அதில் இருக்கும். நடுவில் 500, மூலையில் 60 என்று காட்டும் விளக்கை ஒதுக்கிவிடுங்கள். அந்த வரைபடங்கள் பெரும்பாலும் பாறையில்லாத வெறுந்தொட்டியில் அளக்கப்பட்டவை என்பதும் நினைவிலிருக்கட்டும். உங்கள் தொட்டியில் நிழல்கள் உண்டு. ஒரே புள்ளியிலிருந்து பாயும் ஒளி பவளத்தின் தலையைச் சுட்டு, அதன் அடிப்பகுதியைப் பட்டினி போடும். ஆதலால் நான்கடித் தொட்டிக்கு ஒரு பெரிய விளக்கைவிட இரண்டு நடுத்தர விளக்குகளே மேல். நீருக்கு மேல் 20 முதல் 30 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டால் ஒளி பரவி விழும்.

நீருக்குள் இறக்கி அளக்கும் ‘பார்’ மீட்டர் விலை மிகுந்தது. அதை வாங்க வேண்டியதில்லை. பவளத்தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமோ கடையிலோ ஒரு நாளைக்கு இரவல் பெற்று, அளந்து, எண்களைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

மலிவு விலையில் வரும் கறுப்புப் பெட்டி விளக்குகளைப் பற்றிக் கேட்பீர்கள். அவற்றில் பவளம் வளராது என்று சொன்னால் அது பொய். வளர்கிறது, நானே கண்டிருக்கிறேன். ஆனால் நிறங்கள் கலவாமல் தனித்தனிப் புள்ளிகளாக விழுவதுண்டு, விசிறி இரைவதுண்டு, மின்வழங்கி கெட்டால் மாற்று உறுப்புக் கிடைக்காமற் போவதுண்டு. வாங்கும்போது விசிறியையும் மின்வழங்கியையும் தனியே மாற்றலாமா என்று கேட்டுவிடுங்கள். 50,000 மணி நேரம் உழைக்கும் என்று அட்டையில் அச்சிட்டிருப்பது எல்.இ.டி.க்கு, அதைக் குளிர்விக்கும் விசிறிக்கு அல்ல.

மெல்ல ஏற்றுங்கள்

இனி என் மருமகன் சறுக்கிய இடத்துக்கு வருவோம். பழைய குழல்விளக்கில் பழகியிருந்த பவளங்களை ஒரே இரவில் முழுவெயிலில் நிறுத்திவிட்டான். நோன்பிருந்த வயிற்றுக்கு எடுத்தவுடன் பிரியாணியை அள்ளிக் கொடுப்போமா? பேரீச்சம்பழமும் கஞ்சியுமாக மெல்லத்தானே தொடங்குகிறோம்! புதிய எல்.இ.டி.யை 30 விழுக்காட்டில் தொடங்கி, வாரத்துக்கு 3 முதல் 5 விழுக்காடு ஏற்றுவது பாதுகாப்பான வழி. புதிதாக வாங்கிய பவளத்தை முதலில் தொட்டியின் அடியில் வைத்து, வாரங்கள் சென்றபின் மேலே உயர்த்துங்கள்.

பவளம் பேசாது, ஆனால் காட்டும். வெளுத்தால், பாலிப்களை உள்ளிழுத்துக்கொண்டால், ஒளி மிகுதி. வண்ணம் மங்கிப் பழுப்பேறினால், ஒளி குறைவாக இருக்கலாம், அல்லது நீரில் கழிவுச்சத்து மிகுந்திருக்கலாம். மென்பவளம் கழுத்தை நீட்டி மேலே எட்டிப்பார்த்தால் அதற்கு ஒளி போதவில்லை. இன்னொன்று: ஒளி கூடினால் கல்பவளம் விரைந்து கூடு கட்டும்; நீரிலுள்ள கால்சியத்தையும் காரத்தன்மையையும் விரைந்து தீர்க்கும். ஒளியை ஏற்றும் வாரங்களில் நீர்ச்சோதனையும் அடிக்கடி வேண்டும்.

நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் ஒளி போதும். வீட்டார் மாலையில்தான் தொட்டியைப் பார்க்க அமர்வர். ஆதலால் நண்பகலில் மெல்ல ஏற்றி, மஃரிபுக்குப் பின் மெல்ல இறக்கி, இரவு 9 மணிக்குள் அணைந்துவிடுமாறு அமைத்துக்கொள்ளலாம். இரவு முழுதும் நீல ‘நிலா விளக்கு’ எரியவிடுவது கடைக்காரர் கற்பித்த அலங்காரம். மீனுக்கும் பவளத்துக்கும் இருட்டும் தேவை.

மின்கட்டணத்தையும் பாருங்கள். 250 வாட் மெட்டல் ஹாலைடு நாளுக்கு 9 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 67 யூனிட்டுக்கு மேல் செலவாகும். 100 வாட் எல்.இ.டி. என்றால் 27 யூனிட். நீர் சூடேறுவதும் குறைவதால், குளிர்விப்பானின் செலவிலும் சிறிது மிச்சம்.

பிள்ளைகள் உள்ள வீடென்றால், தொங்கும் விளக்கை அவர்கள் அண்ணாந்து பார்க்காதபடி மறைப்பு வையுங்கள். செறிந்த நீல, ஊதா ஒளி கண்ணுக்கு ஆகாது. மின்கம்பி பிளக்குக்கு நேரே இறங்காமல், அதற்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறட்டும். வழியும் உப்புநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியின்றித் தொட்டிக்கு இணைப்புக் கொடுக்காதீர்கள். உப்புநீரில் கைவிட்டுக்கொண்டே மறுகையால் விளக்கைத் திருத்துவது வேண்டவே வேண்டாம்.

தமிழகக் கரையோர ஊர்களில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் கல்பவளங்களும் கடல்விசிறிகளும் 2001ஆம் ஆண்டு முதல், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கீழக்கரைக் கடலிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துவந்து தொட்டியில் வைப்பதும் குற்றமே. வெளிநாட்டில் வாழ்வோரும், கடலில் உடைத்தெடுத்ததைத் தவிர்த்துப் பண்ணையில் வளர்த்த துண்டுகளையே கேட்டு வாங்குங்கள். அவை தொட்டி வெளிச்சத்துக்கு ஏற்கெனவே பழகியவையாதலால் பிழைப்பதும் எளிது.

என் மருமகனின் ஐந்து மான்கொம்புகளில் மூன்று போய்விட்டன. பாறை நிழலில் இருந்த இரண்டு மட்டும் உயிர் தாங்கி நின்றன. அன்றிரவே விளக்கை 30க்கு இறக்கச் சொன்னேன். பின்னர் வாரம் 3 விழுக்காடாக ஏற்றி வருகிறான். சென்ற வெள்ளிக்கிழமை அழைத்து, “48க்கு வந்துவிட்டேன் மாமா. இரண்டும் அடியிலிருந்து லேசாய்ப் பழுப்பேறுகின்றன. இன்று 60 வைக்கட்டுமா?” என்றான்.

“51 வை. அடுத்த வெள்ளி பேசு” என்றேன்.