ஆவியில் வெந்ததும் அதனருகே வைத்ததும்

உணவை நெருப்பில் நேரே வாட்டுவது ஒரு முறை. எண்ணெயில் இட்டுப் பொரிப்பது ஒரு முறை. நீரில் இட்டு வேகவைப்பது ஒரு முறை. இம்மூன்றிலும் சேராமல், கொதிக்கும் நீரினின்று எழும் ஆவியை மட்டும் கொண்டு சமைப்பது நான்காவது முறை. இட்டலி, இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை என நம் அடுக்களையில் இம்முறை வேரூன்றி நிற்கிறது. வடக்கே வந்த பிறகு, இது நமக்கு மட்டும் உரியதன்று என்பதையும் கண்டுகொண்டோம். குசராத்தியர் டோக்ளாவும் முட்டியாவும் ஆவியில் வேகவைக்கின்றனர்; வங்காளியர் கடுகு அரைத்துத் தடவிய மீனை ஆவியில் வைக்கின்றனர்; தில்லித் தெருக்களில் மாலை நேரத்தில் மோமோ அடுக்குகளிலிருந்து ஆவி பறக்கிறது.

இருதய நோய்க்கு ஆளானவர்களிடம் மருத்துவர்கள் பெரும்பாலும், “பொரித்ததை விடுங்கள், ஆவியில் வெந்ததை உண்ணுங்கள்” என்று கூறுகின்றனர். அவ்வாறு கூறுவதற்குக் காரணம் யாது? அந்த அறிவுரையை நம் வீடுகளில் முழுமையாகக் கடைப்பிடிக்கிறோமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது முதியோர் கவலைதானே என்று நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. 52 நாடுகளில் நடத்தப்பெற்ற ‘இன்டர்ஹார்ட்’ என்னும் பேராய்வின் முடிவுகள் 2004இல் வெளிவந்தன. அதன் ஒரு பகுதி 2007இல் வெளியாயிற்று. தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், பிற நாட்டினர்க்கு அது ஏறக்குறைய 59 என்றும் அது காட்டியது. ஐம்பத்து மூன்று என்பது யாருடைய வயது? நம்மில் பலருடைய தந்தையரின் வயது அன்றோ!

நீராவி செய்யும் வேலை

ஒரு கிராம் நீரை ஒரு பாகை சென்டிகிரேடு சூடேற்ற ஒரு கலோரி வெப்பம் போதும். ஆனால் 100 பாகையில் கொதிக்கும் அதே ஒரு கிராம் நீரை ஆவியாக மாற்ற ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். இவ்வெப்பம் வெப்பமானியில் தெரிவதில்லை. ஆவிக்குள் மறைந்து கிடக்கிறது. ஆகையால் இதனை மறைவெப்பம் என்கிறோம். இதனைக் கண்டறிந்து விளக்கியவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்காட்லாந்து அறிஞர் ஜோசப் பிளாக்.

ஆவி குளிர்ந்த மாவின் மீது படும்போது மீண்டும் நீராகிறது. ஆகும்போது, தான் மறைத்து வைத்திருந்த 540 கலோரியையும் மாவுக்குக் கொடுத்துவிடுகிறது. ஒரு கிராம் ஆவி, 30 பாகையில் உள்ள ஏழு கிராம் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர வல்லது என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். இட்டலி பத்து நிமிடத்தில் வெந்துவிடுவதன் இரகசியம் இதுவே. வெப்பத்தைச் சுமந்து செல்ல எண்ணெய் என்னும் ஆள் இங்கே தேவையில்லை. ஆவியே சுமந்து வந்து இறக்கிவிடுகிறது.

எண்ணெயில் நடப்பது வேறு. பொரிக்கும் எண்ணெய் 170 முதல் 190 பாகை வரை சூடாக இருக்கும். அதில் இட்ட வடையின் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் குமிழிகளாக வெளியேறுகிறது. நீர் விட்டுச் சென்ற துளைகள் வெறுமையாக நிற்கின்றன. வடையை எடுத்து வெளியே வைத்துச் சூடு தணியும்போது, மேலே ஒட்டியுள்ள எண்ணெய் அத்துளைகளுக்குள் இழுக்கப்படுகிறது. ஒரு கிராம் கொழுப்பு தருவது 9 கிலோ கலோரி. ஒரு கிராம் மாவுப்பொருளோ புரதமோ தருவது 4 மட்டுமே. உழுந்து ஒன்றேயாயினும் இட்டலியும் வடையும் உடலில் வேறுபடுவது இதனாலேயாம்.

மற்றொன்றும் உண்டு. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது சிதைந்து தீய பொருள்கள் சேர்கின்றன. கடைகளில் பயன்படும் எண்ணெயில் இத்தகைய முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது என்று 2018 சூலை முதல் நம் நாட்டில் விதி உள்ளது. ஆவிக்கு இத்தகைய விதி எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் அது புதிதாகவே பிறக்கிறது.

காய்கறிகளிலும் ஆவிக்கு ஒரு சிறப்பு உண்டு. நீரில் வேகவைத்து வடித்தால் வைட்டமின் சி, போலேட்டு, பொட்டாசியம் முதலியன நீரோடு போய்விடுகின்றன. ஆவியில் அவ்விழப்பு குறைவு.

ஒரு காலை உணவின் கணக்கு

இவ்வளவு நன்மை இருந்தும் பல வீடுகளில் எதிர்பார்த்த பயன் கிட்டுவதில்லை. என் தந்தையார் மாரடைப்புக்குப் பின் வீடு திரும்பிய மூன்றாம் மாதம், அம்மா தொலைபேசியில் கேட்டார்கள்: “அப்பாவுக்கு அவிச்சதுதான் போடறேன், கண்ணு. எண்ணெய்ச் சட்டியையே எடுக்கறதில்லை. அப்பவும் பிரஷர் எறங்க மாட்டேங்குதே, ஏன்?”

அறிவியல் படிப்பவனிடம் கேட்கப்பட்ட நேரிய வினா அது. விடுமுறைக்குச் சென்றபோது சிறு சமையலறைத் தராசு ஒன்றை எடுத்துச் சென்றேன். இரண்டு நாள் அம்மா வழக்கம்போல் சமைத்தார்கள். போடும் உப்பை மட்டும் நான் நிறுத்துக் குறித்தேன். முப்பது இட்டலிக்கான மாவில் 18 கிராம்; ஆகவே இட்டலி ஒன்றுக்கு 0.6. அப்பா உண்டது நான்கு, அதாவது 2.4 கிராம். சாம்பாரில் அவர் பங்கு 1.2. தேங்காய்ச் சட்டினியில் 0.8. மிளகாய்ப் பொடியில் 0.4. கூட்டினால் 4.8 கிராம்.

ஒருவர் ஒரு நாள் முழுதும் கொள்ளும் உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த ஒரு நாள் அளவு எங்கள் வீட்டில் காலை ஒன்பது மணிக்கே தீர்ந்துவிட்டது. மதியச் சாப்பாடு, மோர், ஊறுகாய், அப்பளம், இரவு உணவு எல்லாம் அதன் பின்னரே வரவிருந்தன!

உப்பின் எடையில் ஐந்தில் இரு பங்கு சோடியம். குருதியில் சோடியம் மிகும்போது உடல் நீரைத் தேக்கி வைக்கிறது, குழாய்களுள் ஓடும் குருதியின் பருமன் கூடுகிறது, அழுத்தம் உயர்கிறது, முன்பே காயப்பட்ட இருதயம் அவ்வழுத்தத்தை எதிர்த்து உழைக்க நேர்கிறது. உணவில் சோடியத்தைப் படிப்படியாகக் குறைத்தால் குருதி அழுத்தமும் படிப்படியாகக் குறைகிறது என்பதை அமெரிக்காவில் நடந்து 2001இல் வெளியான ‘டேஷ் சோடியம்’ ஆய்வு தெளிவாக்கியது. ஆவி எண்ணெயை விலக்கும். உப்பை அது விலக்காது. நாம் மாவில் போட்டது மாவிலேயே இருக்கும்.

எனவே அம்மாவும் நானும் சேர்ந்து மாற்றியவை இவை. மாவில் உப்பைப் பாதியாக்கினோம். இட்டலி நான்கு என்பது மூன்றாயிற்று. சாம்பாரில் உப்பைப் பாதியாக்கிப் பருப்பையும் காயையும் கூட்டினோம். தேங்காய்ச் சட்டினிக்குப் பதில் கொத்துமல்லி, தக்காளித் துவையல். அதில் உப்புக் குறைவு, எலுமிச்சைச் சாறு மிகுதி. பொடியை நிறுத்தினோம். இப்பொழுது காலை உணவின் உப்பு 2 கிராமுக்குள் அடங்கியது. முதல் இரண்டு வாரம் அப்பா முகம் சுளித்தார். நாலாவது வாரம் ஓர் உறவினர் வீட்டில் உண்டுவிட்டு வந்து, “அவங்க சட்னி ஒரே கரிப்பு” என்றார்! நாக்கு பழக்கத்திற்கு அடிமை. ஆனால் புதிய பழக்கத்தையும் சில வாரங்களில் அது கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை மருத்துவர் அளந்தபோது அழுத்தம் குறைந்திருந்தது. மாத்திரையும் நடையும் உடன் இருந்தமையால் புகழ் முழுதும் உப்புக்குறைப்புக்கே என்று சொல்ல மாட்டேன். அதன் பங்கும் அதில் உண்டு என்பதில் ஐயமில்லை.

குளிரும் ஆப்பசோடாவும்

வடநாட்டில் வாழும் நமக்கு வேறோர் இடர் உண்டு. மார்கழி, தை மாதங்களில் மாவு பொங்குவதில்லை. உடனே ஆப்பசோடாவைத் தேடுகிறோம். ஒரு தேக்கரண்டி சோடாவில் ஏறத்தாழ 1,200 மில்லிகிராம் சோடியம் உண்டு. ஒரு நாள் வரம்பாகிய 2,000 மில்லிகிராமில் இது பாதிக்கு மேல். கடை டோக்ளாவை உப்பச் செய்யும் நுரைப்பொடிகளிலும் இதே சரக்குதான் இருக்கிறது.

இட்டலி மாவை உப்பச் செய்வது பெரும்பாலும் ‘லியூக்கோநாஸ்டாக்’ என்னும் நுண்ணுயிர் என்று கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1965இல் எடுத்துக்காட்டினர். அது உழைக்க வேண்டுவது சோடா அன்று, கதகதப்பு. 30 பாகையளவில் வைத்தால் போதும். மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தோடு ஒரு பெட்டிக்குள் மூடிவையுங்கள். நேரம் சற்றுக் கூடுதலாகக் கொடுங்கள். புளிப்பதற்கு உப்புக் கட்டாயமன்று. வேகவைக்கும் முன் அளந்து கலந்தால் போதும்.

அரிசியும் தேங்காயும்

தேங்காய்க் கொழுப்பில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. குருதியில் தீய கொலஸ்டிராலை உயர்த்துவது இவ்வகையே. ஆகவே புட்டுக்கும் இடியாப்பத்திற்கும் தேங்காயைக் குவிப்பது, எண்ணெயை முன்வாயிலில் விரட்டிக் கொழுப்பைப் பின்வாயிலில் அழைப்பது போன்றதாகும். எண்ணெயெல்லாம் நஞ்சு என்பதும் பொருளன்று. கடலை, கடுகு, நல்லெண்ணெய் போன்றவற்றில் நிறைவுறாக் கொழுப்பு மிகுதி. தாளிக்க ஒரு தேக்கரண்டி போடுவதில் குற்றமில்லை.

வெள்ளரிசியில் மட்டும் செய்த பண்டம் விரைவில் சருக்கரையாக மாறிக் குருதியில் கலக்கும். இருதய நோயோடு நீரிழிவும் உள்ளவர்க்கு இது ஆகாது. கேழ்வரகு இடியாப்பம், சாமை இட்டலி, பாதி அரிசியைக் குறைத்துப் பயறு சேர்த்த மாவு ஆகியவை மேலானவை. அவற்றுக்கும் அளவு உண்டு.

விடுதி அறையிலும் செய்யத்தக்க ஒன்றைச் சொல்கிறேன். துவரம்பருப்பு 100 கிராம், கடலைப்பருப்பு 100 கிராம் இரண்டையும் இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடியுங்கள். காய்ந்த மிளகாய், சோம்பு, இஞ்சி சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். நறுக்கிய வெங்காயம், வெந்தயக்கீரை இரண்டு கைப்பிடி, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்து உருண்டை பிடியுங்கள். நீர் கொதித்து ஆவி நன்கு எழுந்த பின்னரே தட்டை வையுங்கள். பதினைந்து நிமிடம் போதும். மூடிக்குள் ஒரு துணி கட்டினால் நீர் சொட்டாது. நால்வர் உண்ணலாம்; ஒருவர்க்கு 11 கிராம் அளவு புரதம் கிடைக்கும். எலுமிச்சை பிழிந்து உண்டால் வடையின் நினைவு வாராது என்று சொல்ல மாட்டேன், வந்தாலும் வருத்தாது.

கேட்டுச் செய்ய வேண்டியவை

ஒருவர்க்கு நல்லது மற்றவர்க்குத் தீதாகலாம். சிறுநீரகம் நலிந்தவர்க்குப் பொட்டாசியம் மிகலாகாது. அவர்களுக்குக் காயை நீரில் வேகவைத்து வடிப்பதே சில வேளைகளில் ஏற்றது. சோடியம் குறைத்த மாற்று உப்புகளில் பொட்டாசியம் குளோரைடு இருப்பதால், சிறுநீரக நோயாளரும் சில வகை அழுத்த மாத்திரை உண்போரும் மருத்துவரைக் கேளாமல் அவற்றைத் தொடலாகாது. செயற்கை வால்வு பொருத்தி ‘வார்பரின்’ உண்பவர்கள் கீரையை ஒருநாள் மிகுத்து, ஒருநாள் விடுக்காமல், ஒரே அளவில் உண்ண வேண்டும். கீரையிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் ஆற்றலைக் குறைக்கும். உணவு சீரானது என்று மாத்திரையைத் தாமே நிறுத்துவது பேராபத்து.

நண்பர்களே, ஆவி தன் கடமையைச் செவ்வனே செய்கிறது. வெந்ததற்கு அருகே நாம் வைக்கும் சட்டினியும் பொடியும் ஊறுகாயுமே அதன் உழைப்பைக் காப்பதோ கெடுப்பதோ செய்கின்றன. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு தராசை எடுத்துச் செல்லுங்கள். அம்மாவுக்கு அறிவுரை கூறுவதற்கு முன், அவர்களோடு நின்று ஒரு நாள் உப்பை நிறுத்துப் பாருங்கள். தராசு காட்டும் எண்ணை அவர்களே படிக்கட்டும். அதன்பின் நீங்கள் சொல்ல வேண்டியது மிகக் குறைவாகவே இருக்கும்.