எந்தப் படி?

‘படி’ என்ற சொல்லுக்குப் பொருள் எழுதச் சொன்னால் இரண்டு நிமிட வேலை என்றுதான் யாருக்கும் தோன்றும். நானும் அப்படி நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போயிற்று.

உட்கார்ந்த இடம், தமிழ் விக்சனரி. யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கும் இணைய அகராதி. விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பு, ஆங்கிலத்தில் 2002 டிசம்பரில் தொடங்கி, பிறகு மற்ற மொழிகளுக்கும் பரவியது. தமிழில் இப்போது 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் இருக்கின்றன. எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். கலைச்சொல் தொகுப்புகளை நிரல்கள் மொத்தமாக ஏற்றியதில் வந்த பக்கங்கள் அதில் ஏராளம். ஒற்றை வரியோடு நிற்கும் பக்கத்தைக் கண்டால், அதில் இன்னும் மனிதக் கை படவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். புதிதாக வருபவருக்கான வேலை அங்கேதான் கிடக்கிறது.

ஊரைக் கூட்டி அகராதி செய்வது இணையம் கண்டுபிடித்த வித்தை இல்லை. 1879-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மரே பொதுமக்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தார்: புத்தகம் படிக்கும்போது கண்ணில் படும் சொல்லை, அது வந்த வாக்கியத்தோடு துண்டுச்சீட்டில் எழுதி அனுப்புங்கள். சீட்டுகள் லட்சக்கணக்கில் குவிந்தன. அப்படி உருவான ஆக்ஸ்ஃபோர்டு அகராதி முழுசாக வெளிவர 1928 ஆயிற்று. இதில் ஒரு வேடிக்கை. அடிமைப்பெண்ணைக் குறிக்கும் ‘பாண்ட்மெய்டு’ என்ற சொல்லுக்கான சீட்டு எங்கோ தொலைந்துபோய், அந்தச் சொல்லே முதல் பதிப்பில் அச்சேறவில்லை. விக்சனரியில் சீட்டு தொலையாது. பக்கத்தின் வரலாற்றைத் திறந்தால், யார் எந்தக் காற்புள்ளியை எப்போது நகர்த்தினார் என்பதுவரை கிடைக்கும்.

படிக்கு வருவோம். முதலில் வாசலில் இருக்கும் படி. அப்புறம் அரிசி அளக்கும் படி. நூலின் படி, அதாவது பிரதி. சம்பளத்தோடு வரும் பயணப்படி, பஞ்சப்படி. ‘சொன்னபடி வந்தான்’ என்பதில் ஒட்டிக்கொண்டிருக்கும் படி. இத்தனையும் எழுதிவிட்டு, வினைச்சொல்லாக ‘வாசித்தல்’ என்றும் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். மேசைமேல் தூசி படிந்திருந்தது!

இங்கேதான் தொழில் தொடங்குகிறது. பாடம் ‘படித்தான்’, தூசி ‘படிந்தது’. கட்டளையாகச் சொன்னால் இரண்டும் ‘படி’தான், இறந்தகாலத்துக்குப் போனதும் இரண்டும் வேறு வினை என்பது அம்பலமாகிறது. அதனால்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் ‘படி-தல்’, ‘படி-த்தல்’ என்று தனித்தனியே கொடுக்கிறது. ஒரு ‘த்’ செய்யும் வேலை அது. பேசும்போது நாம் யாரும் இதில் தவறுவதில்லை. எழுதி வைக்கும்போதுதான் தடுக்கி விழுகிறோம்.

அடுத்த குழி, பொருள் சொல்வதில். களைப்பு என்றால் அயர்ச்சி, அயர்ச்சி என்றால் சோர்வு, சோர்வு என்றால் களைப்பு என்று நான் ஒருமுறை செக்கைச் சுற்றியிருக்கிறேன். தமிழ் தெரியாத ஒருவர் இந்த மூன்று பக்கங்களையும் பார்த்தால் கடைசிவரை தமிழ் தெரியாதவராகவே இருப்பார். ‘வேலை செய்ததால் உடம்பில் வலுக் குறைந்து ஓய்வு தேவைப்படும் நிலை’ என்று சொல்லிவிட்டு, அதன் பிறகு இணைச்சொற்களைத் தரலாம். இன்னோர் அகராதியின் வாக்கியத்தை அப்படியே தூக்கிப் போடுவதும் கூடாது. பொருள் ஊருக்குப் பொது. அதைச் சொன்ன வாக்கியம் எழுதியவருடையது.

சொல் புழக்கத்தில் இருக்கிறது என்பதற்குச் சான்றும் வேண்டும். ஆங்கில விக்சனரி இதில் கறார்: புழக்கத்தில் உள்ள பெருமொழிச் சொல்லில் ஐயம் எழுந்தால், ஒன்றையொன்று சாராத மூன்று ஆவணங்களிலாவது, குறைந்தது ஓராண்டுக் காலப் பரப்பில் அது வந்திருக்க வேண்டும். நேற்று நண்பர்கள் சேர்ந்து உருவாக்கிய சொல்லுக்கு இடமில்லை. தமிழில் தனித்தமிழ் ஆர்வத்தோடு வருபவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும். ஆனாலும் இந்தக் கறார் நல்லது என்பது என் கட்சி.

அகராதி தேடுவது அழகான சொற்களை அல்ல, வாழும் சொற்களை. ‘கச்சான்’ என்று ஒரு சொல். யாழ்ப்பாணத்தில் கடையில் கேட்டால் வேர்க்கடலை கிடைக்கும். கடலுக்குப் போகிறவரிடம் கேட்டால் அது மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. வழக்கிடத்தைக் குறிக்காமல் ஒன்றை மட்டும் எழுதினால் இன்னொருவருக்கு அது தப்பான அகராதி. நெசவுக்காரரின் பாவும் ஊடையும் நாடாவும் இப்படித்தான். தறிக்குப் பக்கத்தில் வளர்ந்த ஒருவர் எழுதினால்தான் சரியாக வரும்.

கணினி வேலை சொற்பம். கணக்குத் தொடங்குங்கள், ‘மணல்தொட்டி’ என்ற பயிற்சிப் பக்கத்தில் கிறுக்கிப் பழகுங்கள், பிறகு தெரிந்த ஒரு சொல்லைத் தேடி ‘தொகு’ என்பதை அழுத்துங்கள். தப்பு செய்தால் யாராவது பழைய நிலைக்குத் திருப்பிவிடுவார்கள். அதற்காக முகம் வாட வேண்டியதில்லை.

அன்று மாலை, அளவைப் படியில் மட்டும் ஒரு குறை மிச்சமிருந்தது. ‘எட்டு ஆழாக்கு’ என்று எழுதிவிட்டு, சரிதானா என்று ஊரிலிருக்கும் அத்தைக்கு போன் போட்டேன்.

“எந்தப் படியைக் கேக்குற? பட்டணம் படியா, சின்னப் படியா?” என்றார்.