சேர்ந்து வாழ்தல் விதி (ஐக்கிய இராச்சியம்)

சேர்ந்து வாழ்தல் விதி என்பது, திருமணம் செய்துகொள்ளாமல் ஒரே வீட்டில் கணவன் மனைவி போல் வாழும் இருவரை, அரசு உதவித்தொகைக் கணக்கிற்கு ஒரே அலகாகக் கொள்ளும் ஐக்கிய இராச்சியச் சட்ட விதியாகும். வருமானம் இல்லாத ஒருவர், வேலையில் இருக்கும் துணையுடன் குடியேறும்போது அவரது உதவித்தொகை குறைவதற்கோ நின்றுபோவதற்கோ இவ்விதியே காரணம். 2005 திசம்பர் முதல் இது ஒருபால் இணையருக்கும் பொருந்துகிறது.

கணக்கிடும் முறை

2013இல் அறிமுகமான யுனிவர்சல் கிரெடிட் திட்டத்தில் இணையர் இருவரும் கூட்டாகவே விண்ணப்பிக்க வேண்டும். 2025-26 நிதியாண்டில் 25 வயது நிரம்பிய தனியொருவருக்கான அடிப்படைத் தொகை மாதம் 400.14 பவுண்டு, இணையருக்கு 628.10 பவுண்டு. அதாவது இருவருக்கான தொகை, ஒருவருக்கான தொகையின் இரு மடங்கு அன்று. துணை ஈட்டும் நிகரச் சம்பளத்தில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்சு இதிலிருந்து கழிக்கப்படும்.

எடுத்துக்காட்டாக, குழந்தையும் வாடகை உதவியும் இல்லாத, உடல்நலக் குறைவு ஏதும் இல்லாத இணையரில் ஒருவர் மாதம் 1,000 பவுண்டு ஈட்டினால், 550 பவுண்டு கழிந்து 78.10 பவுண்டு மட்டுமே கிடைக்கும். தனியாக இருந்தபோது மற்றவருக்குக் கிடைத்ததோ 400.14 பவுண்டு. சம்பளம் ஏறத்தாழ 1,142 பவுண்டைத் தாண்டினால் எதுவும் கிடைக்காது. சேமிப்பும் கணக்கில் வரும்: 16,000 பவுண்டு என்ற உச்சவரம்பு தனியொருவருக்கும் இணையருக்கும் ஒன்றே.

ஓய்வூதிய வயதை எட்டியவர், அவ்வயதை எட்டாத துணையுடன் சேர்ந்தால் 2019 மே 15 முதல் ஓய்வூதியக் கிரெடிட் பெறும் தகுதியைப் பொதுவாக இழக்கிறார். தனியாக வாழ்பவருக்கான 25 விழுக்காட்டு உள்ளாட்சி வரிச் சலுகையும் போய்விடும்.

பங்களிப்பின் அடிப்படையிலான வேலையின்மைத் தொகை, அரசு ஓய்வூதியம், மாற்றுத்திறனாளிகளுக்கான தனிநபர் தற்சார்புத் தொகை ஆகியவற்றைத் துணையின் வருமானம் பாதிப்பதில்லை.

இணையர் யார்?

வாரத்தில் மூன்று இரவுகள் தங்கினால் இணையர் ஆகிவிடுவர் என்று பரவலாக நம்பப்படுகிறது. சட்டத்தில் அப்படி ஓர் எண்ணிக்கை இல்லை. ஒரே குடித்தனமா, உறவு நிலையானதா, பணத்தைப் பகிர்ந்துகொள்கிறார்களா, பாலுறவு உண்டா, குழந்தைகளைச் சேர்ந்து வளர்க்கிறார்களா, ஊரார் அவர்களை எப்படிப் பார்க்கின்றனர் என்பன எல்லாம் சேர்த்தே எடைபோடப்படும். இவற்றுள் எந்த ஒன்றும் தனித்து முடிவைத் தீர்மானிக்காது. அறையைப் பகிரும் நண்பர்கள் இதனுள் வாரார்.

1982இல் சட்ட அறிக்கைகளில் பதிவான பட்டர்வொர்த் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விபத்தில் காயமடைந்த ஒரு பெண்ணைக் கவனித்துக்கொள்ள ஓர் ஆண் அவர் வீட்டிற்குக் குடிவந்தார். இருவரும் ஒரே கூரையின்கீழ் இருப்பது மட்டும் போதாது, எதற்காக இருக்கின்றனர் என்பதையும் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் கருதியது.

குடியேறியதைத் தெரிவிக்காவிட்டால், கூடுதலாகப் பெற்ற தொகை திரும்ப வசூலிக்கப்படும். வேண்டுமென்றே மறைத்தால் தண்டனையும் உண்டு.

விமரிசனம்

இங்கிலாந்துச் சட்டத்தில், மணமாகாத துணைவர் ஒருவர் மற்றவரைப் பராமரிக்க வேண்டிய கடமை இல்லை. ஆனால் உதவித்தொகை விதியோ அவர் பராமரிப்பார் என்றே எடுத்துக்கொள்கிறது. சம்பளம் வாங்குபவர் பணம் தர மறுத்தாலும் மற்றவரால் தனியாக விண்ணப்பிக்க முடியாது. சொந்தமாகச் சிறிது பணம் வைத்திருந்த ஒருவர், பெரும்பாலும் பெண், குடியேறிய மாதத்திலிருந்து அன்றாடச் செலவுக்கும் துணையின் கையை எதிர்பார்க்க நேர்கிறது. எஞ்சிய தொகையும் வழக்கமாக ஒரே வங்கிக் கணக்கிற்கே செல்லும். குடும்ப வன்முறை போன்ற சூழல்களில் மட்டும் அதைப் பிரித்து வழங்குமாறு கேட்கலாம்.